நாற்பது விநாடி மகள்

அவருடைய பெயர் கடைப் பலகையில்கூடக் கிடையாது. அந்த வட்டாரத்துக்கே அவர் 'பீப் சார்'. பழுதென்று யாராவது கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தால், மேசையில் வைத்து மின்சாரம் கொடுப்பார். கண்களை இறுக மூடிக்கொண்டு பெட்டியின் பக்கத்தில் காதைக் கொண்டுபோவார். ஒரே ஒரு பீப் வந்தால் நலம். நீளமாக ஒன்றும் குட்டையாக இரண்டும் வந்தால் படம் காட்டும் கார்டு போய்விட்டது. விடாமல் அலறினால் மெமரி.

"ஸ்கிரீன் ஆயிரம் பேசும்ப்பா, நமக்கு எதுக்கு? பீப் சொன்னா சொன்னதுதான்" என்பார்.

இருபத்தாறு வருடம் இப்படிக் கண்ணை மூடிக்கொண்டே பிழைத்த மனிதர் அவர்.

வீட்டில் தினமும் காலை ஆறே முக்காலுக்கு அவர் குளியலறைக் கண்ணாடி முன் நின்று சவரம் செய்துகொண்டிருப்பார். நடு அறையில் மனைவி கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்தும் சத்தம் கேட்கும். ஒரு பீப். அப்புறம் நீண்ட அமைதி. அவர் மனதுக்குள் எண்ணுவார். பத்து, இருபது, முப்பது. நாற்பதைத் தொடும்போதுதான் விண்டோஸ் விழித்துக்கொள்ளும் சின்ன இசை வரும்.

'பாவம், தினமும் எவ்வளவு நேரம் காத்துக் கிடக்கிறாள்' என்று நினைத்துக்கொள்வார். அவள் டியூஷன் சென்டர்களுக்குக் கேள்வித்தாள் டைப் செய்து கொடுப்பவள். காலையிலேயே வேலை தொடங்கிவிடும்.

அவள் காத்துக் கிடக்கவில்லை. அந்த நாற்பது விநாடிதான் அவள் தன் மகளோடு இருக்கும் நேரம்.

பொத்தானை அழுத்தியதும் மற்ற கம்ப்யூட்டர்களில் கம்பெனியின் முத்திரை வரும். இந்த ஒரு கம்ப்யூட்டரில் அவர்களுடைய மகள் வருவாள். காதில் ஸ்குரூ டிரைவரைச் செருகிக்கொண்டு, ஹெல்மெட் கலைத்துவிட்ட தலைமுடியோடு, முன்பல் இரண்டும் தெரியச் சிரித்தபடி, கையில் ஒரு தாளைப் பிடித்திருப்பாள். தாளில் தடித்த கறுப்பு மையில் அவளுடைய கோணல் எழுத்து: 'அப்பா, கோபம் போச்சா?'

அந்தக் கேள்வி கேட்கப்பட்டு இரண்டு வருடம் ஆகிறது. கேட்கப்பட்டவர் இன்றுவரை அதைப் பார்க்கவில்லை. கேட்டவள் உயிரோடு இல்லை.

அவளுக்கு அப்பாவின் கை, அம்மாவின் வாய். பதினோரு வயதில் அப்பா அவளுக்காகவே அந்தக் கம்ப்யூட்டரைப் பொறுக்கி எடுத்த பாகங்களால் கட்டிக் கொடுத்தார். இருபது வயதில் கல்லூரி விட்டதும் நேரே கடைக்கு வந்து அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாள். வேகம் அதிகம், நிதானம் குறைவு. ஒருநாள் வாடிக்கையாளர் ஒருவருடைய விலை உயர்ந்த கார்டை, மின்சாரத்தை நிறுத்தாமலேயே பிடுங்கிவிட்டாள். 'பட்' என்று ஒரு சத்தம், கருகின வாசனை.

கடை நிறைய ஆட்கள். அத்தனை பேர் முன்னாலும் அவர் கத்திவிட்டார்.

"உன்னை யாருடி இதைத் தொடச் சொன்னது? கை இருந்தா போதுமா, மண்டையில ஏதாவது வேண்டாமா? இனிமே என் கடைப் படி ஏறாத!"

அவள் ஸ்குரூ டிரைவரை மேசையில் வைத்தாள். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பதினெட்டு நாள் அப்பாவும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. ஒரே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டு நடுவில் அம்மாவைத் தபால்காரி ஆக்கினார்கள்.

"உன் பொண்ணை உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு."

"உன் வீட்டுக்காரருக்குக் கை இல்லையான்னு கேளும்மா."

"ரெண்டு பேரும் என் தலையில மொளகா அரைக்காதீங்க" என்று அம்மா உப்பை எடுத்து நடுவில் 'ணங்' என்று வைப்பாள்.

பன்னிரண்டாம் நாள் மகள் அம்மாவை நடு அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"இப்ப பாரு." பொத்தானை அழுத்தினாள். படம் வந்தது. மூன்றே விநாடி. மறைந்தது.

"என்னடி இது, மஞ்சக் காமாலை வந்தவ மாதிரி இருக்க?"

"இந்த போர்டுக்குப் பதினாறு கலர்தாம்மா தெரியும். அப்பா மாதிரியே, ரொம்ப சிக்கனம்." அவளே தன் நகைச்சுவைக்குச் சிரித்துக்கொண்டாள். "இது டிஸ்க்ல இல்லம்மா. பயாஸ்ல போட்டிருக்கேன். போர்டுல நகத்தளவு ஒரு சிப் இருக்கு பாரு, கம்ப்யூட்டர் கண்ணு முழிச்சதும் மொதல்ல ஓடுற புரோகிராம் அதுலதான் இருக்கும். என்னைப் பாக்காம இதை யாரும் ஆன் பண்ண முடியாது. அப்பா என்னிக்காவது ஆன் பண்ணித்தானே ஆகணும்? அன்னிக்குப் பதில் சொல்லாம தப்பிக்க முடியாது."

"அவர்தான் வீட்டு கம்ப்யூட்டரைத் தொடவே மாட்டாரே."

"நீ தொட வை. எனக்குத்தானே அம்மா நீ?"

அன்று மாலையே அம்மா தன் வேலையைத் தொடங்கினாள். "என்னங்க, வீட்டு கம்ப்யூட்டர் என்னமோ பண்ணுது. ஒருதரம் ஆன் பண்ணிப் பாருங்களேன்."

"நாளைக்குப் பாக்கறேன்."

மறுநாளும் கேட்டாள். "நாளைக்கு." அதற்கு மறுநாளும் அதே நாளை. ஆறு நாட்கள் ஆறு நாளைகள். பதினெட்டாம் நாள் காலையில், கல்லூரிக்குப் போகும் சாலையில், பின்னால் பார்க்காமல் திரும்பிய ஒரு லாரி எல்லா நாளைகளையும் முடித்துவைத்தது. அவளுடைய ஸ்கூட்டியும், அந்தப் படத்தை எடுத்த போனும் சாலையில் ஒன்றாக நொறுங்கிக் கிடந்தன.

காரியங்கள் முடிந்த மறுநாள் அவர் ஸ்டூல் போட்டு ஏறி, சுவரில் இருந்த மகளின் படங்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். பழைய பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

"என்னால பாக்க முடியலம்மா" என்றார். அவ்வளவுதான். அதன்பிறகு அந்த வீட்டில் மகளின் பேச்சே எழவில்லை.

மனைவி அந்தப் படத்தைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அதையும் கழற்றிவிடுவாரோ என்ற பயம் பாதி. பார்க்கச் சொன்னபோது பார்க்காத மனிதர்தானே என்ற கோபம் பாதி. ஆனால் தினமும் காலையில் தனியாகப் போய் உட்கார்ந்தாள். முதலில் மூன்று விநாடிதான் இருந்தது. பிறகு போர்டில் டிஸ்கைப் பிடிக்கும் முனைகள் தளர்ந்துபோக, கம்ப்யூட்டர் டிஸ்கைத் தேடித் தேடிக் களைத்தது. தேடுகிற நேரமெல்லாம் படம் திரையிலேயே நின்றது. மூன்று பத்தாயிற்று, பத்து நாற்பதாயிற்று. உலகத்தில் ஒரு கம்ப்யூட்டர் மெதுவாகிக்கொண்டே போவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் முகத்தில் சோப்பு நுரையோடு நின்று எண்ணிக்கொண்டிருந்தவர் என்ன நினைத்தார் தெரியுமா? 'அன்னிக்கே சொன்னாளே, என்னமோ பண்ணுதுன்னு. நாளைக்கு நாளைக்குன்னே விட்டுட்டேன். இதையாவது அவளுக்குச் சரிபண்ணிக் கொடுக்கணும்.'

தன் அக்காவுக்குக் கண் ஆபரேஷன் என்று மனைவி மூன்று நாள் ஊருக்குப் போனாள். அவள் பஸ் ஏறியதும் அவர் பெட்டியைத் துணியில் சுற்றிக் கடைக்குக் கொண்டுபோனார்.

முதல் வேலையாக டிஸ்கைக் கழற்றி வேறொரு மெஷினில் மாட்டிப் பார்த்தார். டிஸ்க் நன்றாகவே இருந்தது. போர்டின் முனைகள்தான் போய்விட்டன. எந்த டிஸ்கை மாட்டினாலும் இதே கதைதான். ஒரே வழி, சூயிங்கம் பட்டை மாதிரி இருக்கிற புது வகை டிஸ்கை ஒரு சின்னக் கார்டில் வைத்து, பக்கத்து நீளமான ஸ்லாட்டில் செருகுவது. பழைய டிஸ்கிலிருந்து அத்தனையையும் அதற்குப் பிரதி எடுத்தார். கேள்வித்தாள்கள், ரசீதுகள், மகளின் கல்லூரிப் பாடங்கள். அந்த ஃபோல்டரின் பெயர் கண்ணில் பட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் ஒரு ஃபைலையும் விடவில்லை. இரண்டு முறை சரிபார்த்தார்.

ஆனால் பதினோரு வருடத்துக்கு முந்தைய போர்டு அது. அதன் பயாஸுக்கு இந்தப் புது வகை டிஸ்க் என்றால் என்னவென்றே தெரியாது. அதிலிருந்து கிளம்பாது. கம்பெனி கடைசியாக வெளியிட்ட புதிய பயாஸை இறக்கி, பென் டிரைவில் போட்டு, சிப்பில் ஏற்ற வேண்டும். ஏற்றும் நான்கு நிமிடமும் மின்சாரம் துடிக்கக்கூடாது. துடித்தால் போர்டே செத்துவிடும். அவருடைய யூ.பி.எஸ்ஸை அவர் நம்புவதில்லை. பக்கத்துக் கடை ஜெராக்ஸ் மெஷினும் அதே லைனில்தான் இருந்தது.

"தங்கச்சி, ஒரு அஞ்சு நிமிஷம் உன் மெஷினை நிறுத்தி வைம்மா."

ஜெராக்ஸ் கடைக்காரி போன வருடம்தான் அங்கே கடை போட்டவள். வாய்க்குப் பூட்டு கிடையாது. "ஏன் சார், பிரசவம் பாக்கப் போறீங்களா? வெளியில நாலு பேர் ஆதார் கார்டோட நிக்கிறாங்க. எனக்கு நஷ்ட ஈடு உண்டா?"

"டீ வாங்கித் தரேன்."

"ரெண்டு டீ. எனக்கு ஒண்ணு, மெஷினுக்கு ஒண்ணு." சொல்லிக்கொண்டே மெஷினை நிறுத்திவிட்டு, வேடிக்கை பார்க்க வந்து நின்றாள். "என்ன சார், இன்னிக்கு விசில் எல்லாம் வருது? இத்தனை நாள்ல நீங்க விசிலடிச்சு நான் கேட்டதே இல்லையே."

"வீட்டம்மாவுக்கு ஒரு ஆச்சரியம்மா" என்று வெட்கத்தோடு சொன்னார்.

பென் டிரைவைச் செருகி, பெட்டியைக் கிளப்பினார். வழக்கம்போலக் கண்களை இறுக மூடி, காதைப் பெட்டியின் ஓரத்தில் வைத்தார். ஒரு பீப். விரல் தானாகவே தட்ட வேண்டிய விசையைத் தட்டியது. டிஸ்க் மாட்டாத பெட்டி. தேட ஒன்றும் இல்லை. இரண்டே விநாடி.

"சார், யாரோ ஒரு பொண்ணு படம் வந்துட்டுப் போச்சே?"

"கம்பெனிக்காரன் போடற விளம்பரம்மா" என்று சொல்லிக்கொண்டே அவர் கண்ணைத் திறந்தார். அதற்குள் நீல நிற அமைப்புப் பக்கம் வந்துவிட்டது.

ஏற்றுவதற்கு முன் திரை ஒரு கேள்வி கேட்டது. பழைய பயாஸை முதலில் சேமித்து வைக்கவா? எத்தனையோ நூறு போர்டுகளுக்கு அவர் 'வேண்டாம்' என்றே அழுத்தி வந்தவர். பழசை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இப்போதும் அதையே அழுத்தினார்.

கோடு ஒன்று இடமிருந்து வலமாக மெல்ல நகர்ந்தது. அவர் விசிலடித்துக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐயோ, அந்த நான்கு நிமிடமும் மட்டும் அவர் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தார்.

மனைவி திரும்பி வந்த மத்தியானம், செருப்பைக் கழற்றக்கூட விடாமல் நடு அறைக்கு அழைத்துப் போனார்.

"ஆன் பண்ணு."

"இப்ப எதுக்குங்க?"

"பண்ணேன் சொல்றேன்."

அவள் பொத்தானை அழுத்தினாள். ஒரு பீப். கம்பெனியின் சிவப்பு முத்திரை மின்னி மறைந்தது. விண்டோஸ் இசை பாடிவிட்டது.

அவளுக்குப் புரியவில்லை. அணைத்துவிட்டு மறுபடி அழுத்தினாள். மறுபடியும் சிவப்பு முத்திரை. மூன்றாவது முறையும் அணைத்து அழுத்தினாள்.

"எப்படி?" என்றார் அவர். "நாற்பது செகண்டு இப்ப மூணு செகண்டு! பயாஸையே மாத்திட்டேன். டிஸ்க்கும் புதுசு. உன் பேப்பர் ஒண்ணுகூடப் போகல. எல்லாம் அப்படியே இருக்கு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி சொன்னியே, என்னமோ பண்ணுதுன்னு. நான்தான் காதுல போட்டுக்கல. இனிமே நீ காத்திருக்கவே வேண்டாம்."

அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். கத்தவேண்டும் என்றுதான் வாய் திறந்தாள். ஆனால் அந்த முகத்தில் இரண்டு வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக ஒரு வெளிச்சம் இருந்தது.

"நல்லா இருக்குங்க" என்றாள்.

சமையலறைக்குப் போய்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்குள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். ஒரு பீப்பைச் சுவர் தாண்டிக் கேட்கிற காது அவருடையது. அன்று அதற்குத் தண்ணீர் மட்டுமே கேட்டது.

"ஏம்மா, டேங்க் காலியாயிடப் போகுது" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

மறுநாள் காலை ஆறே முக்காலுக்குப் பீப் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. டைப் வேலையை மத்தியானத்துக்கு மாற்றிக்கொண்டாள். ஒரு கம்ப்யூட்டர் சத்தம் போடவில்லை என்றால் அதற்கு உயிர் இல்லை என்று அர்த்தம். அது அவருக்குத் தெரியும். வீடு சத்தம் போடவில்லை என்றால் என்ன அர்த்தம்? ஒன்பதாம் நாள், பாதி முகத்தில் நுரையோடு, ரேசரைக் கையில் பிடித்தபடியே நடு அறைக்கு வந்தார். அணைந்துகிடந்த திரையின் முன்னால் அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா ஆன் பண்ணல? ஏதாவது கோளாறா?"

அவள் கீபோர்டைத் தள்ளி வைத்தாள்.

"சொல்லும்மா. நான் பண்ணதுல ஏதாவது தப்பா?"

அப்போது அவள் சொன்னாள். பன்னிரண்டாம் நாளிலிருந்து எல்லாவற்றையும், ஒன்றையும் மறைக்காமல், அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். நுரை கரைந்து அவர் கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்கியது. துடைக்கவில்லை.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேனே. ஆறு நாள் சொன்னேன்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் நீங்க சுவத்துல இருந்த எல்லாத்தையும் கழட்டிட்டீங்க. அவ ஒரு இடத்துலயாவது இருக்கட்டும்னு பயந்துதான் வாயை மூடிக்கிட்டேன். உங்க மேல கோபமும் இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன். அவ உங்களுக்குன்னு வெச்சதை நான் ஒளிச்சு வெச்சுக்கிட்டேன். என் தப்பும் இருக்கு."

"ஒரு போட்டோவாவது எடுத்து வெச்சிருக்கலாமேம்மா."

"பட்டன் போன்ல என்னத்தை எடுக்கிறது?" என்றாள். "தினமும் வீட்டுக்கு வர்ற பொண்ணை யாருங்க போட்டோ எடுத்து வெப்பாங்க?"

பாதி சவரத்தோடு கடைக்கு ஓடினார். எதற்கு ஓடினார் என்று அவருக்கே தெரியாது. சிப்பில் ஒருமுறை எழுதியதன் மேல் இன்னொன்றை எழுதினால் கீழே எதுவும் மிஞ்சாது. அதை அவரைவிட நன்றாக அறிந்தவர் அந்த வட்டாரத்தில் கிடையாது. இருந்தும் மேசை இழுப்பறைகளைக் கொட்டினார், பென் டிரைவ்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். 'வேண்டாம்' என்று அழுத்தியவருக்கு எங்கிருந்து கிடைக்கும்?

ஜெராக்ஸ் கடைக்காரி எட்டிப் பார்த்தாள். "என்ன சார், பாதி மூஞ்சியோட ஃபேஷன் ஷோவா?" என்று தொடங்கியவள், அவர் கண்ணைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"தங்கச்சி, அன்னிக்கு ஒரு பொண்ணு படம் வந்துச்சுன்னு சொன்னியே. எப்படிம்மா இருந்துச்சு?"

"எந்தப் பொண்ணு... ஓ, அந்த விளம்பரமா?"

"விளம்பரம் இல்லம்மா. என் பொண்ணு."

அவளுடைய கை தானாக வாய்க்குப் போனது. அவருக்கு ஒரு மகள் இருந்தாள் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரியும். கொஞ்ச நேரம் கண்ணை மூடி யோசித்தாள்.

"மஞ்சளா இருந்துச்சு சார். காதுல பேனா மாதிரி என்னமோ சொருகியிருந்துச்சு. கையில ஒரு பேப்பர். படிக்கிறதுக்குள்ள போயிடுச்சு." குரலைத் தாழ்த்தினாள். "சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு சார். நல்லாச் சிரிச்சுக்கிட்டு இருந்துச்சு."

வழியில் போகிற ஒருத்திக்குக்கூட முகம் காட்டிவிட்டுப் போயிருக்கிறாள். அவர் மட்டும், முகத்துக்கும் திரைக்கும் ஒரு முழம்கூட இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்குத் திரும்பியதும் பழைய பெட்டியின் பூட்டைத் திறந்தார். சுவரில் அந்தந்த ஆணியில் அந்தந்தப் படத்தை மாட்டினார். எது எங்கே இருந்தது என்று ஒன்றுகூட மறந்திருக்கவில்லை. மனைவி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல ஒண்ணை எடுத்து மறுபடி அதுல போடட்டுமா?" என்று கேட்டார். "அதே மாதிரி பண்ண முடியும்மா."

அவள் தலையசைத்தாள். "வேண்டாங்க. அது நீங்க போட்டதா இருக்கும். அவ போட்டதா இருக்காது."

அவர் ஸ்டூலிலிருந்து இறங்கி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்தப் பேப்பர்ல என்ன எழுதியிருந்தான்னு இன்னொருதரம் சொல்லு."

"சொன்னேனே."

"அவ சொல்ற மாதிரி சொல்லு."

அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். மகள் பேசும்போது தலையை ஒரு பக்கம் சாய்ப்பாள். அம்மாவின் தலையும் தன்னையறியாமல் சாய்ந்தது.

"அப்பா, கோபம் போச்சா?"

இருபத்தாறு வருடம் பெட்டிகள் பேசியதை மட்டுமே கேட்ட மனிதர், அன்று தன் மகள் பேசியதைக் கேட்டார்.

"அன்னிக்கு ராத்திரியே போச்சுடா கண்ணு" என்றார். "அப்பாவுக்கு எப்படி வந்து பேசறதுன்னுதான் தெரியல."

இப்போதும் அந்த வீட்டில் காலை ஆறே முக்காலுக்குப் பீப் கேட்கிறது. பொத்தானை அழுத்துவது அவர். கண்ணைத் திறந்துகொண்டு, திரைக்கு நேராக, முதுகை நிமிர்த்தி உட்காருகிறார். சிவப்பு முத்திரை வருகிறது, போகிறது. அவள் சமையலறையில் நின்று எண்ணுகிறாள். ஒன்று, இரண்டு, மூன்று. இசை வந்துவிடுகிறது. அவர் எழுந்து நாற்காலியை நகர்த்தும் சத்தம் மட்டும் அப்போது வருவதில்லை. அவள் நாற்பது வரை எண்ணி முடித்த பிறகுதான் வருகிறது.